பரளிக்காட்டுப் பந்தி

கோவையிலிருந்து காரமடை, வெள்ளியங்காடு வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால், பில்லூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய பரளிக்காடு என்னும் இருளர் சிற்றூரை அடையலாம். கோவை மக்களுள் பலர் பருகுவது பவானியாற்றைத் தேக்கி நிற்கும் இவ்வணையின் நீரே.

2007-ஆம் ஆண்டில் வனத்துறை இங்கே சூழல் சுற்றுலாவைத் தொடங்கிற்று. முன்பதிவு செய்து வரும் விருந்தினர் பரிசலில் நீரைச் சுற்றிவருவர். கரையேறியதும் ஊர்ப் பெண்கள் சமைத்த ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் காத்திருக்கும்.

களி கிண்டுவதை அப்பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பலருக்கு அளவறிந்து ஆக்குதல், கணக்கெழுதுதல், வரவை முறையாகப் பங்கிடுதல் ஆகியவையே பயிற்சியால் வர வேண்டியவை. அப்பயிற்சியோ சான்றிதழ் வழங்கும் நாளோடு முடிவதன்று. வாரந்தோறும் அடுப்பெரிந்தால்தான் கையில் நிற்கும். பெருமழையில் பரிசல் நின்றால் அடுப்பும் அணையும். அந்நாள்களுக்கு வேறு வருவாயும், மூத்தவரிடம் இளையவர் கற்கும் வழியும் வகுக்காத பயிற்சி நிலைக்காது.

ஆகவே, அன்பர்களே, அங்குச் செல்லும்போது முன்பதிவு செய்தே செல்லுங்கள். கட்டுச்சோறு கொண்டுபோகாமல் அவர்களது பந்தியிலேயே அமருங்கள். நாம் உண்ணும் ஒவ்வோர் இலையும் அப்பெண்களின் தொழிலுக்கு ஊன்றுகோலாகும்.