பல்லாவரத்துக் கல்லும் பேரில்லாத ஒரு அம்மாவும்

இது நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக் கல்லைப் பத்தின பதிவு. ஆனா ஆரம்பிக்கப் போறது சென்னைக் கோட்டைக்குள்ள இருக்கற ஒரு சர்ச்ல. கொஞ்சம் பொறுமையா கூடவே வாங்க :-)

போன மாசம் ஒரு லீவு நாள்ல, செங்கல்பட்டு - பீச் லோக்கல் ட்ரெயின் பிடிச்சு, கோட்டை ஸ்டேஷன்ல இறங்கி, புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கற புனித மேரி தேவாலயத்துக்குப் போயிருந்தேன். 1678ல கட்ட ஆரம்பிச்சு, 1680 அக்டோபர் 28ம் தேதி திறந்தது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு மரமே இல்லாம செங்கல்லால வளைச்சுக் கட்டின கூரை, நாலடி தடிமன் சுவர். சர்ச்சா, ஆயுதக் கிடங்கான்னு சந்தேகமே வந்துடும்.

உள்ளே சுவரெல்லாம் நினைவுச் சின்னங்கள். தஞ்சை சரபோஜி மன்னரை வளர்த்து ஆளாக்கின ஸ்வார்ட்ஸ் பாதிரியாருக்கு ஜான் பேக்கன் செதுக்கின பளிங்குச் சிற்பம் இருக்கு. 1827ல காலராவுல இறந்த கவர்னர் தாமஸ் மன்றோ அடக்கமாகி இருக்கறதும் இங்கேதான்.

வெளியே வந்தா, நாம நடக்கற தரையே கல்லறைக் கல். முன்னாடி சட்டக் கல்லூரி இருந்த இடத்துலதான் ஆங்கிலேயரோட பழைய கல்லறைத் தோட்டம் இருந்துச்சு. 1758-59 முற்றுகையில பிரெஞ்சுக்காரங்க அந்தச் சமாதிகளுக்குப் பின்னாடி பதுங்கிச் சண்டை போட்டாங்க. சண்டை முடிஞ்சதும், இனி வம்பே வேண்டாம்னு சமாதிகளை இடிச்சுட்டு, பேர் வெட்டின கல்லை மட்டும் கொண்டுவந்து இங்கே பாவிட்டாங்க. அதுல 1652ல இறந்த எலிசபெத் பேக்கர்ங்கற பெண்ணோட கல்லும் ஒண்ணு. ஆள் போய், சமாதி போய், பேர் மட்டும் நிக்குது.

இப்ப நம்ம கல்லுக்கு வருவோம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கற தொட்டி ஒண்ணு இந்த சர்ச்ல இருக்கு. கறுப்புக் கல். பல்லாவரம் மலையில வெட்டினது! 1689 ஆகஸ்ட் 19ம் தேதி இந்தத் தொட்டியிலதான் மூணு பெண்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின். அப்பா, கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை பார்த்த ஜோப் சார்னாக். அடுத்த வருஷம் வங்காளம் திரும்பிப் போய் சுதாநுதியில கம்பெனி வியாபாரத்தை மறுபடி ஆரம்பிச்சவர். ரொம்ப நாளா கல்கத்தாவை நிறுவினவர்னு அவரைச் சொல்லிட்டு இருந்தாங்க. 2003ல கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு தீர்ப்பு கொடுத்தது தனிக் கதை.

சார்னாக் இறந்தப்புறம் மருமகன் சார்லஸ் எயர் கட்டின சமாதி கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்துல இருக்கு. அதுக்கான கல்லும் பல்லாவரத்துல இருந்தே போயிருக்கு. 1893ல தாமஸ் ஹாலண்ட்ங்கற புவியியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ஞ்சு, சார்னாக் நினைவா 'சார்னகைட்'னு பேர் வெச்சார். வெட்டின ஊர் பல்லாவரம், பேர் மட்டும் வெள்ளைக்காரருக்கு. பரங்கிமலையில இதே வகைப் பாறையைத் தேசியப் புவியியல் சின்னமாவே அறிவிச்சிருக்காங்க.

சரி, அந்த மூணு பெண்களோட அம்மா யாரு? இந்தியப் பெண். உடன்கட்டை ஏற இருந்தவரை சார்னாக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போனார்னு ஒரு கதை உண்டு. கல்கத்தா சமாதியில சார்னாக் பேர் இருக்கு, மேரி பேர் இருக்கு, கேத்தரின் பேர் இருக்கு. அம்மா பேர் இல்லை. டேட்டாபேஸ்ல கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டத்தைக் காலியா விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் காலத்துல எல்லாமே அப்படித்தானேன்னு சொல்லலாம். ஆனா மாமல்லபுரம் பக்கத்துல பூஞ்சேரிக்குப் போய்ப் பாருங்க. நொண்டி வீரப்பன் தோட்டம்னு ஒரு இடம். அங்கே ஒரு பாறையில பல்லவர் காலத்துச் சிற்பிகளோட பேர் வெட்டியிருக்கு. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன், இன்னும் சில பேர். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ராஜா பேர் இல்லை, உளி பிடிச்சவங்க பேர். யாரோ ஒருத்தருக்கு எழுதணும்னு தோணியிருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட, "உங்க பாட்டி பேரு என்னப்பா?"ன்னு கேட்டேன். "ஆயான்னுதான்டா கூப்பிடுவோம்"னார். நிலப் பத்திரத்துல தாத்தா, கொள்ளுத் தாத்தா எல்லார் பேரும் இருக்கு. ஆயா பேர் எங்கேயும் இல்லை. கடைசியில பெரிய அத்தைக்குப் போன் போட்டேன். அவங்க யோசிக்கக்கூட இல்லை, டக்குனு சொல்லிட்டாங்க. எண்பது வயசு அவங்களுக்கு.

உடனே ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டேன். நீங்களும் உங்க வீட்டுல யாராவது பெரியவங்களுக்கு இன்னிக்கே ஒரு போன் போடுங்க மக்களே.