டாட்ஜ்காரர் வூடு

கோபியில் வழி கேட்டால், "டாட்ஜ்காரர் வூட்டைத் தாண்டி நேராப் போங்க" என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. தடப்பள்ளி வாய்க்கால் பாய்ந்த நெல்லும் கரும்பும் மஞ்சளும் சில குடும்பங்களுக்கு அமெரிக்க பிளசர் வாங்கித் தந்தன. வண்டியின் பேர் மெல்ல வீட்டுக்காரர் மேல் ஏறிக்கொண்டது.

கம்பெனிப் பேரோடு முடிந்தால் சுவை இல்லை. மட்கார்டில் சாய்வெழுத்தில், வெள்ளிபோல மின்னும் இன்னொரு பேர் இருக்கும். டாட்ஜ் என்றால் கிங்ஸ்வே, டிசோட்டோ என்றால் டிப்ளமாட், பிளைமூத் என்றால் சவாய். பையன்கள் நாங்கள் விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டினோம். எது பெரிய வண்டி என்று சண்டை. கிங்ஸ்வே திம்பம் மேட்டை மூச்சு வாங்காமல் ஏறும் என்பான் ஒருவன். டிப்ளமாட்டில் உட்கார்ந்தால் குழியே தெரியாது என்பேன் நான்.

உண்மை தெரிந்தவர் டிங்கரிங் பட்டறைக்காரர் ஒருவர்தான். "இதோட கதவு அதுக்குப் பொருந்துமுங்க" என்று சிரிப்பார். வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் கம்பெனி, பம்பாய் குர்லாவில் கிறைஸ்லர் வண்டிகளைக் கோத்து விற்றது. பிளைமூத்தின் உடம்பையே கொஞ்சம் முகம் மாற்றி, சின்னம் மாற்றி, மூன்று பேரில் ஓடவிட்டார்கள்.

டெட்ராய்ட்டில் இது ஒரு கலை. 1949 பியூக்கில் ரோட்மாஸ்டருக்குப் பக்கத்துக்கு நாலு துளை, ஒரு படி கீழே இருந்த சூப்பருக்கு மூன்று. துளையை எண்ணியே அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். செவர்லேயில் 1953 முதல் பெல் ஏர்தான் உச்சி. 1958இல் இம்பாலா வந்தது. மாமன் வந்ததும் பந்தியில் நகர்ந்து உட்காரும் பங்காளி மாதிரி பெல் ஏர் கீழே இறங்கிவிட்டது. இம்பாலாவுக்கும் அதே கதி. 1965இல் கேப்ரிஸ் வந்தது. ஆனாலும் நம்மூர்க் காதுக்குப் பணக்காரக் கார் என்றால் இம்பாலாதான். அமெரிக்கா இறக்கியது இங்கே இறங்கவில்லை.

பிறகு சின்ன வண்டிகள். ஃபியட்காரர்களும் எலிகன்ட், சூப்பர் செலக்ட், டிலைட் என்று கொஞ்சநாள் மானத்தைக் காப்பாற்றினார்கள். எழுபதுகளில் பத்மினி வந்தாள். அந்தப் பேரில் கொஞ்சம் பாசம் இருந்தது. இப்போது எல்.எக்ஸ்.ஐ., வி.எக்ஸ்.ஐ. இதுவும் அதே வித்தைதான், ஒரே உடம்புக்கு நாலு விலை. ஆனால் ஏமாற்றுவதிலும் ஒரு மரியாதை வேண்டாமா? கேட்டால் நெஞ்சு நிமிர ஒரு பேராவது கொடுத்து ஏமாற்றினார்கள் அன்றைக்கு.

மூன்றும் ஒரே வண்டி என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் டிப்ளமாட்டுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வே நிற்க முடியாது.