சித்திரையில் ஒரு போர்வை

சாத்தூரின் சித்திரை வெயிலை அறிந்தவர்கள் நான் சொல்லப்போவதை நம்பத் தயங்குவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன், வைப்பாற்று மணலில் கால் வைக்க இயலாதபடி அனல் அடித்த ஒரு நண்பகலில், என் மருமகள் கம்பளிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். குளிர்கிறது என்றாள். நான் நம்பவில்லை. வேலைக்கு அஞ்சிப் போடும் வேடம் என்றே எண்ணினேன்.

எங்கள் இல்லத்திற்கு வந்தபோது அவள் துடிப்பானவள். ஓராண்டிற்குள் உடல் பருத்தது, முகம் ஊதியது, குரல் கரகரத்தது, சீப்பு நிறைய முடி உதிர்ந்தது. பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, எதற்காக நிற்கிறோம் என்பதையே மறந்து நிற்பாள். முப்பது ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய எனக்குச் சோம்பலைக் கண்டால் பொறுக்காது. விடியுமுன் தீப்பெட்டி ஆலைக்குப் புறப்படும் அண்டை வீட்டுப் பெண்களைக் காட்டி, "அவர்களெல்லாம் பெண்களில்லையா?" என்று கேட்பேன். அவளுடைய முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, "உடம்பை வளைத்து வேலை செய்திருந்தால் இது நேர்ந்திராது" என்று சொன்னதும் இந்த வாய்தான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சொல் இரவெல்லாம் உறுத்திற்று. மறுவாரம் அவளை மதுரைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பின்னர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். டி.எஸ்.எச். என்னும் அளவு ஏறத்தாழ 4க்குள் இருக்கவேண்டுமாம். அவளுக்கு 68 இருந்தது.

பள்ளிப் பாடத்தில் கேடயச் சுரப்பி என்று நானே கற்பித்த தைராய்டுதான் அது. வண்ணத்துப்பூச்சி வடிவில் கழுத்தின் முன்புறம் அமர்ந்து, உடல் எவ்வளவு விரைவில் இயங்கவேண்டும், எவ்வளவு வெப்பம் உண்டாக்கவேண்டும் என்பதை நிர்ணயிப்பது. அது வேலை செய்யாதபோது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சை மேலும் மேலும் அனுப்பி அதைத் தூண்டும். செவிசாய்க்காத மாணவனிடம் ஆசிரியை குரலை உயர்த்துவதில்லையா, அதுபோல. 68 என்பது அப்படிப்பட்ட கூச்சல். பாடத்தைக் கற்பித்தவளுக்கு வீட்டில் கண் தெரியவில்லை!

"தூத்துக்குடிக் கல்லுப்பைச் சமைத்ததால் வந்ததோ?" என்று கேட்டேன். அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வருவதைத் தடுக்க நம் அரசு 1962இலேயே திட்டம் தொடங்கியது. 2006 முதல் அயோடின் சேராத உப்பை உணவுக்கென விற்பதும் தடை செய்யப்பட்டது. ஆனால் இவளுக்கு வந்தது வேறு. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென்று கருதித் தாக்கும் நோய். 1912இல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் இதனை விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. உப்பைக் கூட்டினால் தீராது.

வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்றதும் அவள் அழுதாள். 1891இல் இங்கிலாந்தில் மரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தி ஒரு பெண்ணைத் தேற்றினார் என்றும், அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றும் மருத்துவர் எடுத்துரைத்தார். அந்தச் சுரப்பியின் சாரத்தைக் கெண்டால் என்ற அமெரிக்கர் பிரித்தெடுத்தது 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு நாளன்று. இன்றைய மாத்திரை செயற்கையாகத் தயாரிக்கப்படும் அதே பொருள். தொடக்கத்தில் அவளுக்கு 50 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நம்மூர்த் தீக்குச்சியின் தலையில் ஒட்டியிருக்கும் மருந்துகூட இதைவிடப் பன்மடங்கு கனம்.

மாத்திரையோடு வாழக் கற்பதும் ஒரு கல்வியே. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும். காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கவேண்டும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி இடைவெளி. நானோ புட்டியை அடுப்படிச் சன்னலில் வைத்திருந்தேன்! வெப்பம் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்று அறிந்தபின் உள்ளறை அலமாரிக்கு மாற்றினேன். ஞாயிறுதோறும் நற்கருணை நோன்பை எண்ணி மாத்திரையைத் தவிர்க்கச் சொன்னவளும் நானே. பங்குத்தந்தை சிரித்துவிட்டு, தண்ணீரும் மருந்தும் நோன்பை முறிப்பதில்லை என 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்திலேயே உள்ளது என்றார்.

இரண்டாம் மாதத்திலேயே முகத்தின் வீக்கம் வடிந்தது. அளவு சீராக ஏறத்தாழ எட்டு மாதங்கள் ஆயின. இடையில் மாத்திரையின் அளவை இருமுறை கூட்டினார்கள். மறுபடி கருவுற்றதை அறிந்த அன்றே அவள் மருத்துவரிடம் ஓடினாள். முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் மூளை வளரத் தாயின் சுரப்பு நீரையே பெரிதும் நம்பியிருக்கிறது. ஆகவே மாத்திரையை உடனே கூட்டி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் பார்த்தார்கள். முதல் கரு இந்நோயினால்தான் கலைந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகக் கூற இயலாது என்றார் மருத்துவர். அந்த 'இருக்கலாம்' என்னை விட்டு அகலவில்லை. ஒருநாள் அவள் கையைப் பற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "காப்பி ஆறுகிறது, அத்தை" என்றாள்.

பேத்திக்கு இப்போது எட்டு மாதம். பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள்; குறையொன்றுமில்லை. இந்தச் சித்திரையில் அவளை மடியில் கிடத்திக்கொண்டு என் மருமகள் வியர்வையைத் துடைத்தபடி, "மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், அத்தை, தாங்கமுடியவில்லை" என்றாள். எழுந்துபோய்க் கூட்டி வைத்தேன்.