கடைசி இருபதடி

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி இல்லை என்று ஆனதிலிருந்து எங்கள் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே கிடையாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று பரவிக் கிடக்கும் குடும்பம். விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காத வீடு அதில் குறைவு. "பழையபடி பதினொண்ணாவதுலயே பன்னெண்டாவது பாடத்தை ஆரம்பிச்சிருவாங்க" என்று ஒரு கட்சி. "ஆரம்பிச்சா என்ன, நீட்டுக்கு நேரம் கெடைக்குமில்ல" என்று எதிர்க்கட்சி. நடுவே நான் ஒரு படத்தைப் போட்டேன். இங்கே அமெரிக்காவின் ஆரிகனில் என் மகள் படிக்கும் பள்ளியில், பாடவேளையிலேயே, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆற்றங்கரைப் பூங்காவில் ஜிபிஎஸ் வைத்து ஒளித்த டப்பாவைத் தேடுகிறார்கள். மச்சினன் உடனே எழுதினான்: "அதெல்லாம் நம்மூருக்கு ஆவாதுங்க மாமா. புள்ளைங்க படிக்கோணும்."

எனக்குச் சுருக்கென்றது. படிப்பு வேறு, தேடல் வேறு என்று எங்கள் மாவட்டம் எப்போது முடிவு கட்டியது?

ஜிபிஎஸ் வைத்து டப்பா தேடும் இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். அது பிறந்தது நான் குடியிருக்கும் இந்தப் பக்கத்தில்தான். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ஆம் தேதி நிறுத்தியது. நூறு மீட்டர்வரை தப்பாகக் காட்டிவந்த கருவி ஒரே இரவில் இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் போர்ட்லாண்டுக்குத் தென்கிழக்கே, பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி புதைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் கவண், புத்தகம், பீன்ஸ் டப்பா, கூடவே பெயர் எழுத ஒரு நோட்டு. எதையாவது எடுத்தால் எதையாவது வைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேல் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது செயற்கைக்கோளோ டப்பாவோ இல்லை, பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன ஆசிரியை. துணைக்கு வரும் பெற்றோரில் ஒருவனாகப் போயிருந்தேன். கருவி ஏழெட்டு மீட்டர்வரை கூட்டிக்கொண்டு போகும். அதற்கப்புறம், அதுவும் மரநிழலில், அம்புக்குறி நாலு பக்கமும் சுற்றத் தொடங்கிவிடும். அந்தக் கடைசி இருபதடிக்குப் பிள்ளைகளின் கண்தான் கருவி. பாசி எங்கே உரிந்திருக்கிறது, தானாக விழுந்த மரப்பட்டை இப்படி வரிசையாகக் கிடக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு பையன் விழுந்துகிடந்த மரத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். டப்பா அதன் பொந்தில் இருந்தது. ஆசிரியைக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் கோட்டுப் பையில் கைகளை விட்டுக்கொண்டு நின்றார், வாயே திறக்கவில்லை. அழுகைக்குப் பக்கத்தில் போய்விட்ட அந்தப் பையன் கடைசியில் தானாகவே குனிந்து பொந்துக்குள் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது, என் பள்ளி நாட்களில் எந்த ஆசிரியராவது எனக்காக இப்படிச் சும்மா நின்றிருக்கிறாரா என்று யோசித்தேன். ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. எங்களுக்குக் கேள்விக்கு முன்னாலேயே விடை வந்துவிடும். கைடு, புளூ பிரிண்ட், ஐந்து மதிப்பெண்ணுக்கு எத்தனை பாயின்ட் என்ற கணக்கு எல்லாம் தயார். தேடி அலையும் அரைமணி நேரத்தை வீண் என்றே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போதே எங்கள் ஊர் ஆசிரியர்களுக்காக மனம் எழுந்து நிற்கிறது. இரவுப் படிப்பு முடியும்வரை விழித்திருந்து, லாரி டிரைவர் பிள்ளையையும் கோழிப்பண்ணைக் கூலியின் பிள்ளையையும் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் அவர்கள். அமெரிக்க மத்தியதர வீட்டுப் பிள்ளைக்கோ வீட்டிலிருந்து கார், காரிலிருந்து பள்ளி. ஒரு மரத்தடிக்குப் போகவும் பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். ஆட்டை ஓட்டிக்கொண்டு கரடு முழுக்கச் சுற்றிய எங்களுக்கு வெளியே போவதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மணலைக் கரையாகக் குவித்து, அதற்குள் துரும்பை ஒளித்து, கைகோத்துப் பொத்திக் கண்டுபிடிக்கும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் எங்களிடம் இருந்தது. அதைத் தெருவில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்குள் போனோம். இவர்கள் தங்கள் விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார்கள்.

டப்பாவை அப்படியே நம்மூருக்கு இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. கட்டுவிரியன் இருக்கும் மண்ணில் கல்லுக்கடியில் கைவிடக் கூடாது என்று அம்மா சொன்னது இன்றும் சரிதான். கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டி போலீஸில் போய் முடியும். மேலை நாடுகளிலேயே வெடிகுண்டு நிபுணர்கள் ஓடிவந்த கதைகள் உண்டு. ஆனால் 2004-இல் அமெரிக்க நிலவியல் கழகம் தொடங்கிய எர்த்கேச்சில் டப்பாவே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய் பாறையைப் பார்த்து, கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு எங்கள் மாவட்டத்தைவிடத் தோதான இடம் எது? பரமத்தி வேலூர்ப் பக்கம் சித்தம்பூண்டியில் இருப்பது அனார்தோசைட். நிலாவின் மேட்டுநிலங்களும் அதே வகைப் பாறைதான். சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடியாக்கித்தான் சந்திரயான் லேண்டருக்கும் ரோவருக்கும் சோதனைக் களம் அமைத்தது இஸ்ரோ. சுமார் 250 கோடி ஆண்டு வயதுள்ள பாறை அது. அதை அடையாளம் காட்டியதில் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்குப் பங்குண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் லேண்டர் நிலாவில் தரையிறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டிய நாமக்கல் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாறையைத் தொட்டிருப்பார்கள்? பேருந்தில் போய்வரும் தூரம்தானே.

ஆசிரியரின் ஒரே ஒரு போன், ஐந்தாறு பிள்ளைகள், ஒரு சனிக்கிழமை முற்பகல் போதும். வெள்ளைப் பாறைக்கு நடுவே ஓடும் கறுப்புப் பட்டைகள் எந்தத் திசையில் போகின்றன என்று கேட்கலாம். பரமத்தி வேலூர்ப் பக்கம் 78-ஆம் தீர்க்கரேகை போகிறது. பிரிட்டிஷ் நில அளவையாளர் லாம்டன் 1802-இல் சென்னையில் தொடங்கிய நில அளவையின் முதுகெலும்பு அந்த ரேகையை ஒட்டியதுதான். திரையில் 78.000 வரும்வரை வரப்பில் நடந்து போய், கோடு யார் வயலில் விழுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். வயல்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும், மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்.

சேலத்துப் பள்ளிகளுக்குக் கஞ்சமலை இருக்கிறது. அங்கே காந்த இரும்புத்தாது மிகுந்த பாறையருகே காந்த ஊசி தடம் மாறும். நடக்கும்போது ஜிபிஎஸ் காட்டும் திசை மாறாது. இரண்டும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். ஆசிரியர் உள்ளே புகுந்து தீர்ப்புச் சொல்லாமல், தண்ணீர் கேனை வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நிற்க வேண்டும்.