எஞ்சின் வைத்தியம்

யந்திரங்களுக்கும் எனக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. வீட்டில் மின்விசிறி கிறீச்சிட்டால்கூட, அது தானாக மனம் திருந்தும்வரை காத்திருக்கிறவன் நான். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகம், பரீட்சை எழுதிய அன்றே என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டது. இப்படிப்பட்டவன் படகு எஞ்சினைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சிநேகிதர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த விவகாரத்தில் நான் செய்த பிசகு ஒன்று உண்டு. அதை எங்காவது சொல்லித் தீர்த்துவிட வேண்டும்.

2018ஆம் வருஷம் மே மாதம் பாம்பனில் தங்கியிருந்தேன். கடற்கரை மனிதர்களை வைத்து ஒரு நாவல் எழுத உத்தேசம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், அவை கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. வரத்துக் குறைவதால் அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை. வருஷம் முழுவதும் பட்ட கடனைக் கொஞ்சம் அடைப்பதற்கு அதுதான் சமயம். அந்தச் சமயம் பார்த்துத்தான் நான் குடியிருந்த வீட்டுக்காரருடைய வள்ளத்தின் எஞ்சின் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

ஊரில் அவரைச் சம்மாட்டி என்பார்கள். பெரிய சொத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு வள்ளம், அதில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், வலைகள், கடன்: இவ்வளவுதான் ஆஸ்தி. கூடவே அவருடைய அக்காள் மகன் ஒருவன். தகப்பன் இல்லாத பையன், வயது பத்தொன்பது. டீசல் வாங்கி வருவது, எஞ்சினைத் துடைப்பது, ஐஸ் ஏற்றுவது எல்லாம் அவன் பொறுப்பு.

எஞ்சினின் நோய் விசித்திரமானது. கரையில் முடுக்கினால் கடிகாரம் போல ஓடும். கடலில் அரை மணி நேரம் ஓடியதும் மூச்சு வாங்கும். வேகம் ஏறும், இறங்கும், இருமும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஆறப்போட்டுக் குழாயில் ஏர் எடுத்து முடுக்கினால் மறுபடி ஓடும். மறுபடி அரை மணி. மூன்று தடவை இப்படி நடந்துவிட்டது.

நடுக்கடலில் எஞ்சின் நிற்பது பஸ் நிற்பது போன்ற சமாசாரமல்ல. நீரோட்டம் வள்ளத்தை அதன் இஷ்டத்துக்கு இழுத்துப் போகும். 1974, 1976 ஆகிய வருஷங்களின் ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே தண்ணீரில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் ஆளுக்குச் சிறை, வள்ளம் திரும்பி வருமா என்பது சந்தேகம். மூன்றாவது தடவை பக்கத்து வள்ளம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. அன்று இரவு சம்மாட்டி சாப்பிடவில்லை.

“டீசல்ல கை வச்சிட்டான், சார்” என்றார் என்னிடம், தணிந்த குரலில். பையன் நல்ல டீசலை விற்றுவிட்டு, மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்து ஊற்றுகிறான் என்பது அவருடைய முடிவு. இந்த வாரத்தோடு அவனை வள்ளத்தை விட்டு இறக்கிவிடப் போவதாகவும் சொன்னார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? “பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இரண்டு நாள் முன்னால், இருட்டுகிற நேரத்தில், பையன் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனதை நான் பார்த்திருந்தேன். அதைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? அறைக்கு வந்து, மாமனை ஏமாற்றும் மருமகனைப் பற்றி நாவலின் மூன்றாம் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நன்றாக வந்திருப்பதாக ஒரு திருப்தி வேறு.

மறுநாள் மேஸ்திரி வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு சாக்குப்பை. அதில் நாலைந்து ஸ்பானர், ஒரு கண்ணாடிப் பாட்டில். வந்தவுடன் எஞ்சினைத் தொடவில்லை. வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, நாட்டு வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தார். “புகை என்ன கலர்?” கறுப்பென்றால் காற்றுக்கு மிஞ்சின டீசல், நீலமென்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, வெள்ளையென்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. “புகையே இல்லை” என்றான் பையன். “சட்டுனு நிக்குதா, பசிச்சவன் மாதிரி தள்ளாடி நிக்குதா?” தள்ளாடித்தான் நிற்கிறது. மேஸ்திரி தலையை ஆட்டினார்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடேற்றி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897ல் இதை நடத்திக் காட்டினார். அந்த மனிதர் 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து காணாமற் போனார். சில நாட்களுக்குப் பிறகு கடலில் பிரேதம் அகப்பட்டது. கடன் தாளாமல் குதித்தார் என்றும், எதிரிகள் தள்ளினார்கள் என்றும் கதைகள் கட்டினார்கள். கதை கட்டுவது சுலபம். சோதித்துப் பார்ப்பதற்குத்தான் மேஸ்திரி வேண்டும்.

எஞ்சினை ஓடவிட்டு, நாசலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தினால் சத்தம் சரிந்தது, முறுக்கினால் நிமிர்ந்தது. மற்றதும் அப்படியே. “ரெண்டும் வேலை செய்யிது. தளர்த்தியும் சத்தம் மாறலைன்னா அதுதான் சீக்காளி” என்றார். பிறகு பில்டரின் அடியிலிருந்தும் டாங்கியின் அடியிலிருந்தும் டீசலைப் பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்தார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். எல்லோரும் பாட்டிலைப் பார்த்தோம். பையன் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டிலின் அடியில் ஒன்றும் தங்கவில்லை.

“மண்ணெண்ணெய் கலந்திருந்தா?” என்றார் சம்மாட்டி.

“கரையில நல்ல எண்ணெய், கடல்ல கள்ள எண்ணெயா, சம்மாட்டி? டாங்கி ஒண்ணுதானே? கரையில ஒண்ணு செய்றீங்க. கடல்ல அதைச் செய்றதில்லை. அது என்னன்னு பார்க்கணும். காலையில நானும் வர்றேன். ஒருத்தரும் எதையும் தொடக்கூடாது.”

மறுநாள் விடியலில் கிளம்பினோம். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். குருசடைத் தீவு வலப்பக்கம் ஒதுங்கியது. கச்சான் காற்று அலையை எழுப்பி முகத்தில் உப்பை வீசியது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். அரை மணி ஆகியிருக்கும். சத்தம் தடுமாறியது, ஏறியது, இறங்கியது. சம்மாட்டியின் கை தானாக நீண்டது. “தொடாதீங்க!” என்று அதட்டிவிட்டு, மேஸ்திரி நிதானமாக எழுந்து போய் டாங்கியின் மூடியைத் திருகித் திறந்தார்.

உஸ்ஸென்று ஒரு சத்தம். வெளிக்காற்று டாங்கிக்குள் பாய்ந்தது. நாலு இருமல் இருமி, எஞ்சின் பழையபடி சீராக ஓடத் தொடங்கிவிட்டது.

மூடியைத் திருப்பி, நகத்தால் சுரண்டிக் காட்டினார். நடுவில் இருக்க வேண்டிய சிறு மூச்சுத் துளையை மெழுகு அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் செலவாகச் செலவாக அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் கூடும், டீசல் இறங்காது. சற்று ஆறினால், இடுக்கு வழியே கொஞ்சம் காற்று கசிந்து மறுபடி ஓடும். கரையில் ஒவ்வொரு தடவையும் டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்தபடியேதான் எஞ்சினை ஓட்டினோம். நோய் தெரியாமற் போனதில் என்ன ஆச்சரியம்?

“மெழுகு யார் வச்சது?”

சம்மாட்டி வெகுநேரம் பேசவில்லை. “நான்தான். கச்சான் தண்ணி உள்ள போயிடுமேன்னு, மாதா கோயில் மெழுகுவத்தியை உருக்கி விட்டேன்” என்றார்.

தண்ணீர் புகுந்துவிடக் கூடாதே என்று அக்கறையோடு செய்த காரியம்தான். மேஸ்திரி அதைக் குற்றமாகப் பேசவில்லை. கரைக்கு வந்ததும் ஒரு சிறு செம்புக் குழாயைக் கொக்கி மாதிரி வளைத்து, வாய் கீழே பார்க்கும்படி மூடியில் பொருத்திக் கொடுத்தார். காற்று போகும்; அலைத்தண்ணீர் போகாது. கூலி வாங்கிக்கொண்டு சாக்குப்பையோடு நடந்துவிட்டார்.

சம்மாட்டி மருமகனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கரையில் மாமன்மார் மருமகனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கமில்லை. திரும்பி வரும்போது சுக்கானை அவன் கையில் கொடுத்துவிட்டு, தாம் அணியத்தில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பையன் ஓட்டினான். கண் சிவந்திருந்தது, உப்புக்காற்றாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் அவன் மறுபடி கேனைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் போனான். இந்தத் தடவை கேட்டேன். “ஆத்தாவுக்குக் குடிதண்ணி, சார். அங்க குழாய் வர்றதில்லை” என்றான்.

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். கேனைப் பற்றி அவனுடைய மாமாவிடம் சொன்னது நான்தான் என்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. மேலும் பத்து நாள் அந்த வீட்டில்தான் இருந்தேன். தினமும் அவன் வாங்கி வந்த டீயைக் குடித்தேன். சொல்லியிருக்கலாம்.