மாடு மேய்க்க மூணு நாள் லீவு!

"ஒழுங்கா படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்!"

இந்த வசனத்தைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்த தமிழன் யாராவது உண்டா? எனக்கு ஸ்கூலில் கணக்கு வாத்தியார் ஒரு டோஸ், வீட்டில் அப்பா ஒரு டோஸ். இதில் அப்பா சொன்னதுதான் வேடிக்கை. அப்போது எங்கள் தொழுவத்தில் நிஜமாகவே ஒரு ஜோடி மயிலைக் காளை நின்றது. பெற்ற பிள்ளையை ஒருநாளும் தடவிக் கொடுக்காத மனுஷன், அந்த ரெண்டையும் தினமும் தடவிக் கொடுப்பார்.

பயந்துபோய் படித்தேன். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகு வலி வந்தது. அப்போதுதான் அந்தச் சேதியைப் படித்துத் தொலைத்தேன்.

அமெரிக்காவில் ஈட்டன் என்று மூன்று சகோதரர்கள். வடக்கு டக்கோட்டாவில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். 'சும்மா பார்த்துட்டுப் போறோம்' என்று வந்த சிநேகிதர்கள் மாசக்கணக்கில் டேரா போட, 1882-ல் 'தங்கணும்னா காசு கொடு' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பட்டணத்து ஆசாமிக்கு அங்கே 'ட்யூட்' என்று கேலிப் பெயர். அதனால் அது 'ட்யூட் ராஞ்ச்'. இன்றைக்கு அது பெரிய பிசினஸ். ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி, குதிரையில் ஏறி, ஒரு வாரம் மாடு மேய்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்!

நாம் எதைச் சொல்லிப் பயமுறுத்துகிறோமோ, அதற்கு அங்கே டிக்கெட்!

எங்கள் ஆபீஸில் காங்கேயத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். மாற்றலாகி நாகர்கோவில் வந்தவர். "டாலர் எதுக்குங்க? எங்க மாமனார் தோட்டத்துக்கு வாங்க. மாடும் இருக்குது, குதிரையும் இருக்குது. சோறும் போட்டு அனுப்பறோமுங்க" என்றார்.

லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டுமே! உண்மையை எழுதினேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதைத்தானய்யா நான் பத்து வருஷமா சொல்றேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் யாரும் கூட வரத் தயாராக இல்லை. அப்பா மட்டும், "நானும் வாறேன்டே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு வயது 78. முழங்கால் வலி. அடுத்த தெரு கல்யாணத்துக்கே மொய்க் கவரை மட்டும் அனுப்புகிறவர்.

"நம்ம மாடு ரெண்டும் காங்கேயம்லா? அதுக ஊரை ஒருதடவை பாத்திருவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் பேசவில்லை.

நாகர்கோவிலிலிருந்து இரவு ரயில். விடிகாலை ஈரோட்டில் இறங்கி, காங்கேயம் பஸ். எங்களுக்கு 1906-ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை இருக்கிறது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்துக்கு ரெண்டு நெல். அந்தக் கண்ணோடு காங்கேயம் மண்ணைப் பார்த்தால் 'ஐயோ பாவம்' என்றுதான் தோன்றும். காய்ந்த நிலம். அங்கங்கே வெள்வேல மரம். சுற்றிலும் முள்வேலி.

"இதுக்குப் பேரு கொரங்காடுங்க" என்றார் தோட்டத்துப் பெரியவர். மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம். அதில் கொழுக்கட்டைப் புல். (பெயரைக் கேட்டதும் எனக்குப் பசித்தது.) வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும். மரத்துக் காய் ஆட்டுக்கு, நிழல் மாட்டுக்கு.

"மேய்க்கிற ஆள் எங்கே?" என்று கேட்டேன்.

"வேலிதானுங்க மேய்க்குது!"

வேலி என்றால் கம்பி வேலி இல்லை. முள்கிளுவையை வரிசையாக நட்டு வளர்த்த உயிர்வேலி. காலையில் படலைத் திறந்து மாடுகளை உள்ளே விட்டு மூடினால் முடிந்தது. ஒரு காடு தீர்ந்தால் அடுத்த காடு. அமெரிக்காவில் குதிரை எதற்கு? மாடு கண்காணாத தூரம் போய்விடும், துரத்திப் பிடிக்க வேண்டும். 1874-ல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார். வேலி வர வர, கௌபாய்க்கு வேலை குறைந்தது. காங்கேயத்திலோ செடியே அந்த வேலையைப் பார்க்கிறது.

அப்படியானால் குதிரை? அது பெரியவரின் பேரன் ஆசைக்கு வளர்ப்பது. அந்தியூர் ஆடித் திருவிழா சந்தையில் வாங்கியதாம். மார்வாரி ஜாதி. காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன.

1972-ல் வந்த 'கங்கா' படத்தை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து நான் மானசீக ஜெய்சங்கர். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எடே, சைக்கிள்ல போயே கனகமூலம் சந்தைக்குள்ள விழுந்தவன் நீ. பாத்து!" என்றார் அப்பா. ஊர்விட்டு ஊர் வந்து மானத்தை வாங்கினார்.

குதிரையில் இடதுபக்கமாகத்தான் ஏற வேண்டுமாம். அந்தக் காலத்தில் இடது இடுப்பில் வாள் தொங்கிய பழக்கம் என்கிறார்கள். என் இடுப்பில் வாள் இல்லை, தொப்பை இருந்தது. அங்கவடியில் கால் வைத்து மூன்றாவது முயற்சியில் ஏறினேன். நடந்தவரை ராஜா மாதிரி இருந்தது. குதிரை கொஞ்சம் ஓட்டமெடுத்ததும், அது மேலே வரும்போது நான் கீழே, நான் மேலே போகும்போது அது கீழே! ஜெய்சங்கர் பறந்துபோனார். நான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். அதுவோ கொழுக்கட்டைப் புல்லைக் கண்டதும் பிரேக் போட்டது. நான் சறுக்கி இறங்கினேன். விழுந்தேன் என்று பேரன் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம்.

மாடுகள் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர் படலுக்கு அருகே நின்று நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மொத்தமும் அவரை நோக்கி நடந்தன.

நொண்டிக்கொண்டே திரும்பினால், கட்டுத்தறியில் அப்பா. ஒரு மயிலைக் காளையின் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் செந்நிறக் கன்று ஒன்று. "கன்னு செவப்பாத்தான் பொறக்குமுங்க. ஆறு மாசத்துல நெறம் மாறிப்போகும்" என்றார் பெரியவர். அப்பா தலையாட்டினார். அவருக்குத் தெரியும்.

பேச்சு பழைய காலத்துக்குப் போனது. "கவலை இறைச்ச மாடுகளுங்க. மோட்டார் வந்து எங்களுக்குக் கவலை போச்சு, மாட்டுக்கு வந்துருச்சு" என்றார் பெரியவர். எங்கள் ஊரில் டிராக்டர் செய்ததும் அதுதான். 2017-ல் மெரினாவில் இளைஞர்கள் கூடிய பிறகு நாட்டு மாட்டைத் தேடி நிறையப் பேர் வருகிறார்களாம்.

பெரியவர் உள்ளே போனதும் அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நம்ம மாட்டை நல்ல விவசாயிக்குக் கொடுத்தேன்னு அன்னைக்குச் சொன்னேம்லா... பொய்டே. யாவாரி லாரில ஏத்தினான். லாரி களியக்காவிளைப் பக்கமாத் திரும்பிச்சு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

1996. நான் காலேஜில் சேர்ந்த வருஷம். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் தொழுவம் காலியானது. எனக்கு அது அப்போதே தெரியும். நானும்தான் பார்க்காத மாதிரி ஃபீஸ் கட்டினேன்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் காளையைச் சொறிந்தார். "மாடு மேய்க்கது கொறச்சல்னு நான் சொல்லல்லடே. அதை விக்க நாளு ஒனக்கு வந்துரப்பிடாதுன்னுதான் சொன்னேன்."

நானும் கையை நீட்டினேன். காளை ஒரு நிமிஷம் மோந்து பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஃபைல் பார்த்தேன்.

"என்னய்யா, மாடு மேய்ச்சாச்சா?" என்றார் மேனேஜர்.

"இல்லை சார். அதுக்கு என் படிப்பு பத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."