அரைச் செக்கன்

கணினியின் சுட்டியை நாம் ஒரு தரம் அழுத்தும்போது, இன்னொரு தரமும் அழுத்தப்போகிறோமா என்பது கணினிக்குத் தெரியாது. அதனால் விண்டோஸ் முதல் அழுத்தலை உடனே ஒற்றைச் சொடுக்கு என்று நமது நிரலுக்கு அறிவித்துவிடுகிறது. அடுத்தது வழமையாக 500 மில்லி செக்கனுக்குள், ஏறக்குறைய அதே இடத்தில் விழுந்தால் மட்டும் இரட்டைச் சொடுக்கு என்கிறது. ஆகவே ஒவ்வோர் இரட்டைச் சொடுக்கும் தனக்கு முன்னால் ஓர் ஒற்றைச் சொடுக்கை அனுப்பிவிட்டுத்தான் வருகிறது.

உயர்தர வகுப்பில் படித்த இந்தச் சின்ன விடயம், உம்மாவுக்காக ஒரு மென்பொருள் எழுதத் தொடங்கியபோது பெரிதாகிவிட்டது.

உம்மா வீட்டிலிருந்து தைக்கிறார். யாருடைய அபாயா எத்தனை அங்குலம், யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும், எல்லாம் ஒரு கொப்பியில். நோன்புப் பெருநாள் நெருங்கினால் அதில் ஒரு பெயரைத் தேடுவதற்கே பொழுது போய்விடும். விஷுவல் பேசிக்கில் ஒரு பெயர்ப் பட்டியல் செய்தேன். ஒரு தரம் சொடுக்கினால் அளவுகள், இரு தரம் சொடுக்கினால் பில்.

20 வருடத் தையலில் இறுகிய விரல்கள் உம்மாவுடையவை. அவருடைய இரண்டாவது சொடுக்கு அரைச் செக்கனைத் தாண்டித்தான் வரும். கணினிக்கு அது இரண்டு ஒற்றைச் சொடுக்குகள்; பில் திறக்காது. நாலைந்து தரம் முயன்றுவிட்டு, "இது எனக்குச் சரிவராது மகள்" என்று கொப்பியை எடுத்துவிட்டார். தன் கையில்தான் குறை என்று அவர் நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கண்ட்ரோல் பனலில் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். கொஞ்சம் உதவியது, கை வலிக்கும் நாளில் அதுவும் போதவில்லை.

ஆசிரியை டைமர் வழியைச் சொன்னார். முதல் சொடுக்கு வந்ததும் அரைச் செக்கன் காத்திருந்து, இரண்டாவது வராவிட்டால் மட்டும் ஒற்றைச் சொடுக்கின் வேலையைச் செய்வது. இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் உம்மா நாளுக்கு 50 தரம் அளவு பார்ப்பார், 5 தரம் பில் போடுவார். 5க்காக 50ஐக் காக்கவைப்பதா? அதோடு, பிந்தி வரும் விரலுக்கு டைமரால் ஒரு பயனும் இல்லை.

1983இல் வந்த அப்பிள் லிசா கணினியின் சுட்டியில் ஒரே ஒரு பொத்தான்தான். அதில் ஒரு சொடுக்கு தெரிவுசெய்யும், இரண்டு திறக்கும். திறப்பதற்கு முன் தெரிவுசெய்யத்தானே வேண்டும். முதல் சொடுக்கு வீணாவதில்லை. அந்த ஒழுங்கையே நானும் எடுத்துக்கொண்டேன். அளவுகள் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தெரியும். தனியாக ஒரு மெசேஜ் பொக்ஸ் திறந்தால் இரண்டாவது சொடுக்கை அது விழுங்கிவிடும். 'தைத்து முடிந்தது' என்ற அடையாளத்தை ஒற்றைச் சொடுக்கில் வைக்கவேயில்லை. மெதுவாக விழும் இரண்டு சொடுக்குகள் அதைப் போட்டுவிட்டு உடனே அழித்தும்விடும். பில்லுக்கு இரட்டைச் சொடுக்கோடு ஒரு பெரிய பொத்தானும் வைத்தேன்.

இப்போது உம்மா பெயரைச் சொடுக்கி, கண்ணாடியைச் சரிசெய்து, அளவை வாசித்து, ஆறுதலாகப் பொத்தானை அழுத்துகிறார். தம்பிதான் இரு தரம் சொடுக்குகிறான். அவனுக்கும் பில் திறக்கிறது.